தினையளவு நன்றி

ஓம் சரவணபவ.



மாசாமாசம் கிருத்திகை வருது. நம்மில் நிறைய பேர் விரதம் இருக்கோம். காலையில குளிச்சு, வேலுக்குப் பூ வெச்சு, முடிஞ்சா கோயிலுக்கு ஒரு எட்டு போயிட்டு, சாயங்காலம் ஸ்டேட்டஸ்ல ஒரு முருகன் படம் போடுறோம். ஆனா ஒரு கேள்வி. முருகன் அவதரிச்ச நட்சத்திரம் விசாகம். அப்போ கார்த்திகை நட்சத்திரம் எப்படி அவருக்கு உகந்த நாளாச்சு?

கதை நமக்குத் தெரிஞ்சதுதான். சிவபெருமானோட நெற்றிக்கண்ணுல இருந்து வந்த ஆறு பொறிகள், சரவணப் பொய்கையில ஆறு குழந்தைகளா மலர்ந்தன. கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் அந்தக் குழந்தைகளை எடுத்து, பால் குடுத்து வளர்த்தாங்க. அப்புறம் அன்னை பார்வதி வந்து ஆறு குழந்தைகளையும் ஒன்னா அணைச்சுக்கிட்டாங்க. ஆறும் ஒன்னாகி ஆறுமுகன் ஆனார்.

அதோட அந்த ஆறு பெண்களோட வேலை முடிஞ்சுது. அவங்க பெத்த தாய் இல்ல. கைலாயத்துல அவங்களுக்கு இடமும் இல்ல. பெத்த அம்மா வந்ததும் குழந்தையைக் குடுத்துட்டு விலகிப் போக வேண்டியவங்க. நம்ம வாழ்க்கையிலயும் இப்படி எத்தனையோ பேர் வந்து, செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டுப் போயிட்டாங்க, இல்லையா? அவங்க பேர் கூட நமக்கு ஞாபகம் இருக்காது.

ஆனா இங்க அவங்க மறக்கப்படல. அந்த ஆறு பேர் வளர்த்ததால குழந்தைக்கு 'கார்த்திகேயன்'னு பேர் வந்துச்சு. அவங்களோட நட்சத்திரமான கார்த்திகையில விரதம் இருக்கிறவங்களுக்கு முருகன் அருள் கிடைக்கும்னு சிவபெருமானே வரம் குடுத்தார்னு புராணம் சொல்லுது. அதாவது நாம இருக்கிற கிருத்திகை விரதமே ஒரு நன்றிக்கடன். பால் குடுத்தவங்களை மறக்காம, அவங்க பேரையே தன் பேரா வெச்சுக்கிட்ட தெய்வம் நம்ம தெய்வம். 'கார்த்திகேயா'ன்னு நாம ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அந்த ஆறு அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்றோம்.

நன்றியைப் பத்தி இன்னைக்கு எழுதணும்னு தோணினதுக்குக் காரணம் இருக்கு. நல்லது நடக்கும்போது நன்றி சொல்றது ரொம்ப சுலபம். வேலை கிடைச்சா மொட்டை, கல்யாணம் கூடி வந்தா காவடி, விசா வந்தா திருச்செந்தூர் ட்ரிப். எல்லாம் சந்தோஷமா செய்வோம். கஷ்டம் வந்து கழுத்தைப் பிடிக்கும்போது என்ன பண்றது? அப்போ நன்றின்னு சொன்னா அது பொய்யா இருக்காதா?

இப்போ ரீல்ஸ்ல நிறைய பார்க்கிறோம். "21 நாள் நன்றி எழுதுங்க, பிரபஞ்சம் நீங்க கேட்டதைக் குடுக்கும்"னு சொல்றாங்க. எனக்கு அது ஒட்டவே இல்ல. ஒன்னு வாங்கறதுக்காகச் சொல்ற நன்றி, நன்றி கிடையாது. அது அட்வான்ஸ். டீக்கடையில காசை முதல்ல நீட்டிட்டு டீக்குக் காத்திருக்கிற மாதிரி. டீ வரலைன்னா கோபம்தான் வரும்.

கஷ்டத்துல நன்றின்னா என்னன்னு எனக்குப் புரிய வெச்சது எங்க அப்பா. அதை உங்களோட பகிர்ந்துக்கறேன்.

எங்க ஊர் தாராபுரம் பக்கம். அப்பா அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போறவங்க எங்க ஊர் வழியாத்தான் போவாங்க. அப்பாவும் வருஷா வருஷம் நடந்தே போவார். ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷத்துல சர்க்கரை அவரோட ரெண்டு கிட்னியையும் கெடுத்துடுச்சு. இப்போ வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். எனக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற வசதி இருக்கிறதால, லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு நானும் கூடப் போவேன். அவர் பெட்ல, நான் வெளிய பெஞ்சுல.

டயாலிசிஸ் பத்தித் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். கையில ரத்தக்குழாய் ரெண்டை ஆபரேஷன் பண்ணி இணைச்சு வெச்சிருப்பாங்க. அதுல ரெண்டு பெரிய ஊசி ஏத்தணும். ஒன்னு வழியா ரத்தம் வெளிய போய், மெஷின்ல சுத்தமாகி, இன்னொன்னு வழியா திரும்ப வரும். சில நாள் ஒரே குத்துல ஊசி ஏறிடும். சில நாள் ரெண்டு, மூணு தடவை குத்துவாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பார்.

அதைவிடப் பெரிய கஷ்டம் தண்ணி. சிறுநீர் சரியா போகாததால குடிக்கிறதெல்லாம் உடம்புலயே தங்கிடும். ஒரு நாளைக்கு 800 மில்லிதான்னு டாக்டர் எங்க அப்பாவுக்கு அளவு வெச்சிருக்கார். காபி, ரசம், மோர், மாத்திரைக்குக் குடிக்கிறது எல்லாம் அதுக்குள்ளதான். சித்திரை வெயில்ல 800 மில்லி! வாழ்க்கை பூரா பஸ்ல நின்னு, ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு சொம்பு சொம்பா தண்ணி குடிச்ச மனுஷன் அவர்.

வாழைப்பழம், இளநீர், பேரீச்சை எதுவும் கூடாது. பொட்டாசியம் ஏறினா இதயத்துக்கு ஆபத்து. அப்போ பஞ்சாமிர்தமும் கூடாது. போன தைப்பூசத்துக்குப் போன கூட்டாளி ஒருத்தர் ஆசையா ஒரு டப்பா கொண்டு வந்து குடுத்தார். அப்பா அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டு, திருநீறை மட்டும் எடுத்துப் பூசிக்கிட்டு, டப்பாவை என் கையில குடுத்துட்டார்.

அந்தச் சமயத்துல சொந்தக்காரர் ஒருத்தர் பார்க்க வந்திருந்தார். நல்ல மனசோடதான் சொன்னார். "எல்லாம் நன்மைக்கேன்னு எடுத்துக்கோங்க மாமா. இதுவும் முருகன் குடுத்ததுதான். அவருக்கு நன்றி சொல்லுங்க, மனசு லேசாயிடும்." அப்பா ஒன்னும் பேசல. அவர் போனதுக்கப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு என்கிட்ட கேட்டார்:

"ஏஞ்சாமி, கிட்னி போனதுக்கு நான் எதுக்கு நன்றி சொல்லோணும்?"

என்கிட்ட பதில் இல்ல. ஆனா அந்தக் கேள்வியில பக்தி குறைஞ்சதா எனக்குத் தோணல. முப்பது வருஷம் பழனிக்கு நடந்தவர் முருகன்கிட்ட பொய் சொல்ல மாட்டேங்கறார். அவ்வளவுதான்.

கந்த சஷ்டியை யோசிச்சுப் பாருங்க. சூரபத்மன் கடைசியில மயிலாவும் சேவலாவும் மாறினான். எதிரியே வாகனமாவும் கொடியாவும் ஆனான். "உன் கஷ்டமும் ஒருநாள் உன்னைத் தூக்கிக்கிட்டுப் பறக்கும்"னு அதை வெச்சு நாம சொல்லுவோம். தப்பில்ல. ஆனா அது எப்போ நடந்துச்சு? ஆறாவது நாள், போர் முடியும்போது. நடுவுல எந்த நாள்லயாவது முருகன் சூரனைப் பார்த்து "நீ எனக்கு நன்மைதான் செய்யற"ன்னு சொன்னாரா? இல்லையே. அசுரனை அசுரன்னு பார்த்தார். வேல் எடுத்தார். போர் நடக்கும்போது போர்தான் நடந்துச்சு.

அதனால சண்டையோட மூணாவது நாள்ல நிக்கிற ஒருத்தர்கிட்ட போய் "உன் சூரனுக்கு நன்றி சொல்லு"ன்னு நாம சொல்லக் கூடாது. கஷ்டத்துக்கு நன்றி சொல்லணும்னு அவசியமில்ல. கஷ்டத்துக்கு நடுவுல வந்து சேருற நல்லதுக்கு நன்றி சொல்லணும். வார்த்தை கிட்டத்தட்ட ஒன்னுதான். அர்த்தம் மலைக்கும் மடுவுக்கும்.

இன்னொன்னும் கவனிக்கணும். திருச்செந்தூர் மூலவரை நல்லா தரிசனம் பண்ணினவங்களுக்குத் தெரியும். அங்க சுவாமி போர்க்கோலத்துல இல்ல. கையில பூ வெச்சுக்கிட்டு சிவபூஜை செய்யற கோலத்துல நிக்கிறார். சூரசம்ஹாரம் முடிஞ்சதும் அவர் செஞ்ச காரியம் பூஜைன்னு தலபுராணம் சொல்லுது. கருவறைக்குப் பின்னால அவர் வழிபட்ட பஞ்சலிங்கங்கள் இருக்கு. ஜெயிச்ச கையில ஆயுதத்துக்குப் பதிலா பூ. ஜெயிச்சது நான்தான்னு சொல்லிக்காம, அந்தப் பலத்தைத் தந்தவரை நினைக்கிறார். நன்றிக்கு ஒரு உருவம் குடுக்கச் சொன்னா நான் செந்தில்நாதனைத்தான் காட்டுவேன்.

சரி, அப்பா கதைக்கு வர்றேன்.

குடிக்கிற தண்ணியைக் கணக்கு வைக்க அப்பாவுக்கு ஒரு நோட்டு வாங்கிக் குடுத்திருந்தோம். காலை காபி 100, மாத்திரை 50, ரசம் 75ன்னு அவர் கையாலயே எழுதுவார். ஒருநாள் ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாங்கன்னு நோட்டைப் புரட்டினேன். பின்பக்கத்துல இருந்து தலைகீழா வேற ஏதோ எழுதியிருந்தார்.

"செவ்வாய். ஒரே குத்தில் ஊசி ஏறியது. டெக்னீஷியன் பொண்ணு."

"வியாழன். ஆட்டோக்காரர் படி வரை கை பிடித்து வந்தார்."

"சனி. பக்கத்து பெட் அம்மா பேப்பர் படித்துக் காட்டினார்கள்."

"செவ்வாய். ஐஸ் கட்டி ஒன்று. வீட்டுக்காரி."

அப்புறம் ஒரு வரி: "வியாழன். இன்று ஒன்றும் இல்லை."

கிட்னிக்கு நன்றின்னு ஒரு எழுத்து கூட அதுல இல்ல. எல்லாம் நன்மைக்கேன்னும் இல்ல. நடந்ததும், செஞ்சவங்களும் மட்டும்தான். அந்த "ஒன்றும் இல்லை"யைப் பத்தித்தான் கேட்டேன். ஏன்ப்பா அதையும் எழுதி வெச்சிருக்கீங்கன்னு. அவர் சொன்னது:

"வே-பில்லுல டிக்கெட் விக்காத ஸ்டேஜையும் எழுதோணும் சாமி. வித்த மாதிரி எழுதினாலும் தப்பு, எழுதாம விட்டாலும் தப்பு. கணக்குன்னா இருக்கறது இருக்கற மாதிரி இருக்கோணும். அதுக்குன்னு வித்த டிக்கெட்டையும் மறந்துறக் கூடாதில்ல?"

கண்டக்டர் வேலை தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் எத்தனை டிக்கெட் போச்சுன்னு குறிச்சு, ட்ரிப் முடிஞ்சதும் கூட்டிப் பார்த்து, டிப்போல கணக்கு ஒப்படைக்கணும். அப்பா இப்போ தினமும் ராத்திரி முருகனுக்குக் கணக்கு ஒப்படைக்கிறார். கூட்டியும் எழுதறதில்ல, குறைச்சும் எழுதறதில்ல.

நன்றின்னா இதுதான்னு எனக்குத் தோணுது. மனசை வலுக்கட்டாயமா சந்தோஷமா வெச்சுக்கிறது நன்றி இல்ல. கண்ணைத் திறந்து நேர்மையா கணக்குப் பார்க்கிறதுதான் நன்றி. கஷ்டம் வந்தா நம்ம மனசு ஒரு தப்புக் கணக்கு போடும். போனதை மட்டும் பெருசா எழுதிக்கிட்டு, வந்ததை விட்டுடும். அப்பாவோட நோட்டு விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுது.

இதுக்கும் கந்த சஷ்டி கவசத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கு. நாம தினமும் சொல்ற கவசத்தைப் பாடினவர் தேவராய சுவாமிகள். தீராத வயித்து வலியோட திருச்செந்தூருக்கு வந்தவர், அங்கதான் பாடினார்னு சொல்வாங்க. அந்தக் கவசம் என்ன செய்யுது? உச்சந்தலையில ஆரம்பிச்சு உள்ளங்கால் வரைக்கும் ஒவ்வொரு அவயவமா பேர் சொல்லி, இதை வேல் காக்கட்டும், அதை வேல் காக்கட்டும்னு கேட்டுக்கிட்டே போகுது. பல்லைக்கூட விடல. முப்பத்திரண்டுன்னு எண்ணிச் சொல்லுது.

நாம இதைப் பாதுகாப்பு கேட்கிற பாட்டாத்தான் பார்க்கிறோம். ஆனா ஒரு பொருளைக் காப்பாத்துன்னு எப்போ கேட்போம்? அது நம்மகிட்ட இருக்கும்போதுதானே? கண் இருக்கு, அதனால கண்ணைக் காக்கச் சொல்றோம். காது இருக்கு, நாக்கு இருக்கு, கழுத்து இருக்கு. கவசம் சொல்லும்போது நமக்குத் தெரியாமலே நம்மகிட்ட இருக்கறதையெல்லாம் ஒவ்வொன்னா தொட்டுப் பார்க்கிறோம். அடுத்த தடவை வேகமா சொல்லி முடிக்காம, ஒரு நாளைக்கு மட்டும் ஒவ்வொரு இடத்துலயும் ஒரு நொடி நின்னு, "இது இருக்கு முருகா"ன்னு மனசுல நினைச்சுப் பாருங்க. எங்க வீட்டுல அப்பா வயித்துப் பகுதி வரும்போது கொஞ்சம் மெதுவாத்தான் சொல்வார். அங்க ஒன்னு சரியில்லைன்னு அவருக்குத் தெரியும். ஆனா அதுக்கு முன்னால சொன்ன கண்ணும் காதும் சரியா இருக்குன்னும் தெரியும்.

இப்போ அளவு விஷயத்துக்கு வருவோம். "பெருசா எதுவும் நடக்கலையே, எதுக்கு நன்றி சொல்றது?"ன்னு சில பேர் கேட்பீங்க. திருக்குறள்ல பதினோராவது அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அதுல வள்ளுவர் ஒரு அளவு சொல்றார். ஒருத்தர் செஞ்ச உதவி தினை அளவுதான் இருந்தாலும், அதோட பயன் தெரிஞ்சவங்க அதைப் பனை அளவா நினைப்பாங்களாம். தினை எவ்வளவு சின்னது! உள்ளங்கையில வெச்சு ஊதினா பறந்துடும்.

தினைன்னதும் நமக்கு யார் ஞாபகம் வரணும்? வள்ளியம்மா! தினைப்புனத்துல பரண் மேல நின்னு கிளி விரட்டின நம்ம வள்ளி. முருகன் கிழவர் வேஷத்துல வந்து, பசிக்குதும்மான்னு நின்னார். வள்ளி தேனும் தினைமாவும் குடுத்தா. சாப்பிட்டதும் விக்கல் வந்து தண்ணி கேட்டார். சுனையைக் காட்டித் தண்ணியும் குடுத்தா. தேவசேனாபதி, அமராவதியை மீட்டுக் குடுத்தவர், ஒரு மலைப்பொண்ணு குடுத்த ஒரு பிடி மாவையும் ஒரு வாய் தண்ணியையும் ஏத்துக்கிட்டார். இன்னைக்கும் முருகன் கோயில்கள்ல தேனும் தினைமாவும் நைவேத்தியமா வைக்கிறோம். பால், பன்னீர், சந்தனம்னு எவ்வளவு அபிஷேகம் நடந்தாலும் அந்தத் தினைமாவு மறக்கப்படல.

எங்க அப்பாவுக்கு ஒரு ஐஸ் கட்டி. வாயில வெச்சு மெதுவா கரைய விட்டா தொண்டை நனையும், அளவும் தாண்டாது. அம்மா அதைச் சின்னக் கிண்ணத்துல வெச்சுக் குடுப்பாங்க. ஆரோக்கியமா இருக்கிற நமக்கு அது தினை. அவருக்குப் பனை. உதவியோட அளவைப் பொருள் முடிவு பண்றதில்ல, தாகம் முடிவு பண்ணுது. அதனாலதான் கஷ்டகாலத்துல நன்றி இன்னும் ஆழமா வர வாய்ப்பு இருக்கு. அப்போதான் தினையோட முழு உயரமும் கண்ணுக்குத் தெரியும்.

இங்க ஒரு எச்சரிக்கை. நன்றியை வரவழைக்க நாம அடிக்கடி ஒரு குறுக்கு வழி எடுப்போம். "உனக்காவது இது இருக்கு, அவனைப் பாரு, அதுகூட இல்ல." அடுத்தவங்க துன்பத்தைப் பார்த்து நமக்கு வர்ற ஆறுதல் நன்றி ஆகாது. டயாலிசிஸ் வார்டுல இருக்கிற எல்லாரும் எங்க அப்பாவைவிட நல்லா இருந்தாலும், அம்மா குடுத்த ஐஸ் கட்டி ஐஸ் கட்டிதான். எல்லாரும் மோசமா இருந்தாலும் அது அதேதான். பக்கத்து பெட்டோட ஒப்பிட்டுப் பார்க்காம, நமக்கு வந்ததை மட்டும் பார்ப்போம். பக்கத்து பெட்டைப் பார்க்கறதா இருந்தா உதவி செய்யப் பார்ப்போம்.

இன்னொரு முக்கியமான விஷயம். முருகனுக்கு நன்றி சொல்லிட்டா போதும்னு மனுஷங்களை விட்டுடக் கூடாது. அவர் அருள் பெரும்பாலும் யாரோ ஒருத்தர் கை வழியாத்தான் வருது.

நம்ம திருப்புகழையே எடுத்துக்கோங்க. அருணகிரிநாதர் பாடினார், சரி. ஆனா இன்னைக்கு உங்க போன்ல அது எப்படி வந்துச்சு? ஒரு காலத்துல திருப்புகழ் ஏடுகள் ஊர் ஊரா சிதறிக் கிடந்தன. நீதித்துறையில இருந்த வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளைன்னு ஒருத்தர். 1871-ல ஒரு வழக்குல சிதம்பரம் தீட்சிதர்கள் தங்களோட பெருமைக்கு ஆதாரமா ஒரு திருப்புகழ்ப் பாட்டைக் காட்டினாங்க. அந்தப் பாட்டோட அழகுல சொக்கிப்போனவர், மீதிப் பாட்டையெல்லாம் தேட ஆரம்பிச்சார். வேலைக்கு நடுவுல வருஷக்கணக்கா ஏடு தேடி, பிரதி ஒப்பிட்டு, 1894-ல முதல் தொகுதியை அச்சுல கொண்டு வந்தார். அவரோட மகன் தணிகைமணி செங்கல்வராய பிள்ளை உரை எழுதினார். இன்னைக்கு 1300-க்கு மேல பாட்டு நம்ம கையில இருக்கு.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது இன்னும் நல்லா புரியும். நாம எழுதற ஒவ்வொரு புரோகிராமும், முகம் தெரியாத யாரோ எழுதி இலவசமா விட்டுட்டுப் போன லைப்ரரி மேலதான் நிக்குது. அது ஓடுற வரைக்கும் யாரும் அவங்களை நினைக்கிறதில்ல. நம்ம பக்தியும் அப்படித்தான். ஏடு தேடினவர், உரை எழுதினவர், அச்சுக் கோத்தவர், பாடிப் பதிவு பண்ணினவங்க, சின்ன வயசுல மடியில வெச்சுச் சொல்லிக் குடுத்த பாட்டி. எல்லாரும் நமக்குக் கார்த்திகைப் பெண்கள்தான். பால் குடுத்துட்டுப் போயிட்டாங்க.

சரி, நடைமுறையில என்ன செய்யலாம்? எங்க வீட்டுல நடக்கிறதைச் சொல்றேன். உங்களுக்கு ஒத்து வர்றதை எடுத்துக்கோங்க.

முதல்ல, ராத்திரி படுக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு வரி எழுதுங்க. "எல்லாத்துக்கும் நன்றி முருகா"ன்னு மொத்தமா எழுதாதீங்க. நடந்தது என்ன, செஞ்சது யார், அது ரெண்டும் இருக்கட்டும். பேர் தெரியலைன்னா "பஸ்ல இடம் குடுத்த அக்கா"ன்னு எழுதுங்க. மொத்தமா சொல்ற நன்றி நாக்கோட போயிடும். குறிப்பா சொல்றது மனசுல இறங்கும்.

ரெண்டாவது, ஒன்னும் இல்லாத நாள்ல "ஒன்றும் இல்லை"ன்னு எழுதுங்க. முருகன்கிட்ட நடிக்க வேண்டாம். அழணும்னா அழுங்க, திட்டணும்னாலும் திட்டுங்க. அவர் குழந்தை தெய்வம், கோவிச்சுக்கிட்டு மலையேறினவர். கோபம்னா என்னன்னு அவருக்குத் தெரியாததா? மறுநாள் நோட்டைத் திரும்ப எடுங்க. அது போதும்.

மூணாவது, ஒவ்வொரு கிருத்திகை அன்னைக்கும் அந்த மாசம் எழுதினதைப் படிச்சுப் பார்த்து, அதுல ஒருத்தருக்காவது நேர்ல சொல்லுங்க. போன் பண்ணுங்க. இல்லைன்னா அவங்களுக்கு ஏதாவது செய்யுங்க. விரதம் இருக்கிறதோட சேர்த்து இதையும் வெச்சுக்கிட்டா கிருத்திகையோட உண்மையான அர்த்தம் நிறைவேறும்.

எங்க அப்பா இதைச் செஞ்சார். போன கிருத்திகைக்கு அந்த டெக்னீஷியன் பொண்ணுகிட்ட, "அம்மணி, இந்த மாசத்துல ஏழு தடவை ஒரே குத்துல ஏத்தியிருக்கே, எழுதி வெச்சிருக்கேன்"னு சொன்னார். அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் ஒன்னுமே பேசல. அப்புறம் சொன்னது, "தப்பா போனதைத்தாங்கய்யா எல்லாரும் எண்ணுவாங்க."

இதை எழுதறதால அப்பாவுக்குக் கிட்னி திரும்ப வந்துடல. வாரம் மூணு நாள் அதே பெட், அதே மெஷின், அதே 800 மில்லி. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு பண்ணிட்டுக் காத்திருக்கோம். எப்போ வரும்னு தெரியாது. நன்றி சொன்னா நோய் போயிடும்னு உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவர் இப்போ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுக்கறதில்ல. இன்னைக்கு யார் என்ன செஞ்சாங்கன்னு பார்க்கறதுக்காகவாவது இந்தப் பக்கம் திரும்பிப் படுக்கறார். எனக்கு அது போதும். அதுவே முருகன் அருள்னு நினைக்கிறேன்.

இதைப் படிக்கிறவங்கள்ல யாராவது இப்போ ஒரு கஷ்டத்தோட நடுவுல இருக்கலாம். வேலை போயிருக்கலாம், வீட்டுல யாருக்காவது உடம்பு முடியாம இருக்கலாம், வெளிய சொல்ல முடியாத வேற ஏதாவது இருக்கலாம். உங்களோட சூரனுக்கு நீங்க நன்றி சொல்ல வேண்டாம். வேலைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நிக்கும்போதே, பக்கத்துல யாராவது ஒரு பிடி தினைமாவு நீட்டறாங்களான்னு மட்டும் பாருங்க. நீட்டினா வாங்கிக்கோங்க. யார் குடுத்தாங்கன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

வளர்த்தவங்க பேரைத் தன் பேரா சுமக்கிற கார்த்திகேயன், உங்களையும் உங்க வீட்டையும், உங்களுக்குக் கை குடுக்கிற ஒவ்வொருத்தரையும் காக்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
வள்ளி மணாளனுக்கு அரோகரா!